பி0300 பொய்யா மெய்யா: கிட் காரில் எரியும் செக் எஞ்சின் விளக்கு

கேள்வி இதுதான். ஒருவர் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கம்பெனியின் 2010 ஷெவ்ரலே கமாரோ காரிலிருந்து கழற்றிய எல்எஸ்3 வி8 எஞ்சினை, அதே வண்டியின் ஆறு கியர் மேனுவல் பெட்டியோடும் அதே ஈசியூவோடும் (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்), பழைய கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ரோட்ஸ்டர் கிட் ஒன்றில், அதாவது பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டும் காரில், ஏற்றியிருக்கிறார். நானூறு மைல் ஓடியதும் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0300 என்ற கோடு (கோளாறைச் சொல்லும் குறியீடு), அதாவது இன்ன சிலிண்டர் என்றில்லாமல் அங்குமிங்குமாக மிஸ்ஃபயர், சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது. எட்டு பிளக், எட்டு வயர், எட்டு காயில் எல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது. கோடை அழித்தால் இரண்டு மூன்று நாளில் திரும்பி வருகிறது. எஞ்சினிலோ ஒரு திணறல்கூட இல்லை. "இது பொய்க் கோடுதானே? எப்படி உறுதி செய்வது?" என்கிறார்.

பொய்யாக இருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. ஆனால் "எஞ்சின் நன்றாக ஓடுகிறது" என்பதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட வேண்டாம். அந்த நம்பிக்கையில் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பி0300 வந்தால் பிளக் போச்சு, பி0420 வந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போச்சு என்று படிப்பதுதான் பலருடைய பழக்கம். ஈசியூ அப்படி எதையும் சொல்வதில்லை. தான் வைத்திருக்கிற ஒரு பரீட்சையில் இந்த எஞ்சின் பெயில் என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தக் கேள்வித்தாளை எழுதியவர்கள் மனதில் இருந்தது சுமார் 1,750 கிலோ எடையுள்ள ஒரு கமாரோ. அதில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் உண்டு, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் உண்டு, கிராங்கோடு சுற்றும் கனமான கம்பெனி ஃப்ளைவீல் உண்டு, பின்னால் நீளமான எக்ஸாஸ்ட் உண்டு. உங்கள் வண்டி 1,100 கிலோவை ஒட்டி இருக்கும். ஏபிஎஸ் இருக்காது. எக்ஸாஸ்ட் கதவுக்குக் கீழேயே முடிந்துவிடும். ஆனால் ஈசியூவுக்கு இது எதுவும் தெரியாது. தான் இன்னமும் கமாரோவுக்குள் உட்கார்ந்திருப்பதாகத்தான் அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

அதனால் கிட் காரில் எந்தக் கோடு வந்தாலும் மூன்று விதமாக யோசிக்க வேண்டும். கோளாறு உண்மையிலேயே இருக்கலாம். கோளாறு இல்லாமல், அளவு எடுக்கிற வழி கெட்டிருக்கலாம்: வயர், எர்த், சென்சார். அல்லது எஞ்சினும் சரி, அளவும் சரி, பரீட்சைதான் இந்த வண்டிக்குப் பொருந்தாமல் இருக்கலாம். கடைசி வகையை மட்டுமே நான் பொய்க் கோடு என்பேன். நடு வகையைப் பொய் என்று ஒதுக்கினால் ஒருநாள் நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

மிஸ்ஃபயரை ஈசியூ எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். சிலிண்டருக்குள் நெருப்பு பற்றியதா என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தை மட்டும் பார்க்கிறது. எல்எஸ்3 கிராங்கில் ஒரு பல் சக்கரம் இருக்கிறது. அறுபது பல் வெட்டும் இடத்தில் இரண்டை விட்டுவிட்டு ஐம்பத்தெட்டு பல். பல்லுக்குப் பல் 6 டிகிரி. 3,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். வி8 என்பதால் ஒரு சுற்றில் நாலு சிலிண்டர் பற்றும். ஆக ஒவ்வொன்றுக்கும் 5 மில்லி செகண்ட். ஒரு சிலிண்டர் பற்றாமல் போனால் அந்த 90 டிகிரியைக் கடக்க மிகச் சொற்ப நேரம் கூடுதலாகும். ஈசியூ தேடுவது அந்தச் சொற்ப நேரத்தைத்தான். பல் சக்கரத்தை வெட்டும்போது 0.1 டிகிரி தள்ளிப்போனால்கூட, அந்த வேகத்தில் ஐந்து மைக்ரோ செகண்டுக்குமேல் கணக்கு பிசகும். இவ்வளவு நுணுக்கமான தராசில், காற்றடித்தாலும் முள் ஆடத்தான் செய்யும்.

கிட் காரில் அடிக்கிற காற்று எது? முதலாவது, ஃப்ளைவீல். கோப்ரா கட்டுகிறவர்களில் பலர் அலுமினிய ஃப்ளைவீல் போடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஐந்தாறு கிலோ. எஞ்சின் சட்டென்று ஏறி இறங்குவது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் முன்னைவிட அதிகமாகத் துள்ளும். கமாரோவுக்கு வகுத்த எல்லையை அந்தத் துள்ளல் தொட்டுவிட்டால் மிஸ்ஃபயர் என்று எண்ணிவிடும். இரண்டாவது, மவுண்ட். ரப்பருக்குப் பதில் கெட்டியான யூரித்தேன் அல்லது முழு இரும்பு மவுண்ட் போட்டிருந்தால், சேஸியின் அதிர்ச்சி எஞ்சினுக்கும் எஞ்சினின் அதிர்ச்சி சேஸிக்கும் நேராகப் போய் வரும்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. கரடுமுரடான சாலையில் சக்கரம் குதிக்கும்போது அந்த உதறல் ஆக்ஸில், புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர் பெட்டி வழியாகத் திரும்பி வந்து கிராங்கையே ஆட்டும். ஈசியூவின் கண்ணுக்கு அது மிஸ்ஃபயர் மாதிரியே தெரியும். இது கார் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் பல ஜிஎம் கார்களில் ஏபிஎஸ் கம்ப்யூட்டர், சக்கர வேகத்தை வைத்து "இப்போது ரோடு மோசம்" என்று ஈசியூவுக்குச் சொல்லும். அந்த நேரத்தில் மிஸ்ஃபயர் எண்ணுவதை ஈசியூ நிறுத்திவைக்கும். ஏபிஎஸ் இல்லாத கிட் காரில் இதைச் சொல்ல ஆள் இல்லை. பழைய ஜிஎம் கார்களில் பி1380 என்று ஒரு கோடே இருந்தது: மிஸ்ஃபயர் கண்டேன், ஆனால் ரோடு கரடுமுரடா இல்லையா என்ற தகவல் எனக்கு வரவில்லை என்பது அதன் பொருள். பொய்க் கோடு வரக்கூடும் என்பதை ஈசியூவே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

சரி, இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை, கோடை அழிப்பதை நிறுத்துங்கள். விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்று ஈசியூ ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். அதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். ஆர்பிஎம், லோடு (எஞ்சின் மேல் விழும் சுமை), கூலன்ட் சூடு, வண்டி வேகம், ஃப்யூவல் டிரிம் (பெட்ரோலை ஈசியூ எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) எல்லாம் அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். நடந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி. மூன்று முறை அழித்திருக்கிறீர்கள் என்றால் மூன்று சாட்சிகளை விரட்டியிருக்கிறீர்கள். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது ஃபோனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம். ஒரே ஒரு விதிவிலக்கு: விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் என்று ஈசியூ நினைக்கிறது. அப்போது ஆராய்ச்சி வேண்டாம். காலை எடுத்து ஓரங்கட்டுங்கள்.

என் நண்பர் ஒருவருடைய வண்டியில் இதே பி0300. அவருடைய ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்தது இவ்வளவுதான்: 1,700 ஆர்பிஎம், 45 மைல் வேகம், ஐந்தாவது கியர், லோடு இருபது சதவீதத்துக்குச் சற்று மேல், எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தது. இதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. மோசமான காயிலோ பிளக்கோ முதலில் தோற்பது மிதித்து ஓட்டும்போதுதான், சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது. காலை லேசாக வைத்து உருட்டிக்கொண்டு போகும்போது மட்டும் வருகிறது என்றால் வேறு எங்கோ பார்க்க வேண்டும். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகனில். இங்கே பல சாலைகள் கான்கிரீட் பலகை பலகையாகப் போட்டவை. ஒவ்வோர் இணைப்பிலும் சக்கரம் "தட், தட்" என்று தாளம் போடும். அவர் தினமும் போகும் வழி அப்படிப்பட்டது.

சிலிண்டர் வாரியான எண்ணிக்கையை அடுத்ததாகப் பாருங்கள். 2010 வண்டியின் ஈசியூ என்பதால் மோடு 06 என்ற பகுதியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இந்த ஓட்டத்தில் எத்தனை மிஸ்ஃபயர், கடந்த பத்து ஓட்டங்களின் சராசரி எத்தனை என்று இருக்கும். மலிவான ப்ளூடூத் ரீடரும் நல்ல ஆப்பும் போதும். ஜிஎம் மொழி தெரிந்த ஸ்கேனர் கிடைத்தால் இன்னும் நல்லது, ஓடும்போதே எண்கள் ஏறுவதைப் பார்க்கலாம். ஒரே சிலிண்டரில் நூற்றுக்கணக்கில் ஏறி மற்ற ஏழிலும் பூஜ்ஜியம் என்றால், ஈசியூ வாய் தவறிப் பி0300 சொல்லிவிட்டது, உண்மையில் அந்தச் சிலிண்டரில்தான் வேலை இருக்கிறது. எட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருந்தால் இரண்டு வழி: எஞ்சின் முழுவதற்கும் பொதுவான ஏதோ ஒன்று, அதாவது பெட்ரோல் பிரஷர் குறைவு, இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு போன்றவை, அல்லது பொய். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. நிஜ மிஸ்ஃபயர் ஒன்று நடந்தால் அடுத்தடுத்த வெடிப்புகளிலும் கிராங்க் ஆடும். அதனால் பழி அடுத்த சிலிண்டர் மேலும் விழலாம். எல்எஸ் எஞ்சினில் பற்றும் வரிசை 1-8-7-2-6-5-4-3. எட்டிலும் ஏழிலும் சேர்ந்து எண் ஏறினால் முதலில் எட்டைப் பாருங்கள்.

எண்ணிக்கையின் பரிமாணமும் முக்கியம். ஈசியூ 1,000 சுற்றுக்கு ஒரு முறை கணக்குப் பார்க்கும். வி8இல் அது 4,000 வெடிப்பு. அதில் இரண்டு சதவீதம் என்றாலே 80. "எண்பது மிஸ்ஃபயரா!" என்று பதற வேண்டியதில்லை, ஆனால் அந்த எண்பதும் நிஜமாக இருந்தால் அதை உட்கார்ந்த இடத்தில் உங்களால் உணரவும் முடியாது. கோப்ராவில் காது பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் உறுமுகிறது, எதிர்க்காற்று முகத்தில் அடிக்கிறது. திணறல் இல்லை என்ற உங்கள் வாக்குமூலத்தை நான் முழுசாக ஏற்காததற்குக் காரணம் அதுதான்.

ஈசியூவை நம்பாமல் உறுதி செய்ய வழி இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் உங்கள் வண்டியில் அது ரொம்பச் சுலபம். கோப்ரா வகை வண்டியில் பக்கத்துக்கு நாலு எக்ஸாஸ்ட் குழாய் பாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, அப்புறம் ஒன்றாகச் சேரும். அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் மூச்சும் தனித்தனியாக உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. காலையில், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது, ஒவ்வொரு குழாயிலும் ஒரே தூரத்தில் ஒரு பொட்டு மேட் கறுப்புப் பெயின்ட் வைத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் ஸ்டீலில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் தப்பாகத்தான் காட்டும், அதனால் இந்தப் பொட்டு அவசியம். ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் எட்டு பொட்டுகளையும் வரிசையாக அளந்துவிடுங்கள். செத்த சிலிண்டர் இருந்தால் மற்றவை 100 டிகிரியைத் தாண்டி ஓடும்போது அது மட்டும் பின்தங்கி நிற்கும். நண்பர் வண்டியில் எட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஏறின. இது நிரந்தரமாகச் செத்த சிலிண்டரைத்தான் காட்டிக்கொடுக்கும், எப்போதாவது விக்குகிறதைக் காட்டாது. இருந்தாலும் ஐந்து நிமிட வேலையில் ஒரு பெரிய சந்தேகம் தீர்கிறது. பழைய மெக்கானிக்குகள் எக்ஸாஸ்ட் வாயில் ஒரு டாலர் நோட்டைப் பிடித்துப் பார்ப்பார்கள். நோட்டு சீராக வெளியே தள்ளப்பட்டால் சரி, நடுவில் உள்ளே இழுக்கப்பட்டால் மிஸ்ஃபயர். பெரிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்ட எஞ்சினில், ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, அதை நம்ப முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஃப்யூவல் டிரிம். சிலிண்டர் பற்றாமல் போனால் அதற்குள் போன ஆக்சிஜன் செலவாகாமல் அப்படியே எக்ஸாஸ்டில் வரும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று நினைக்கும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், டிரிம் பிளஸ் பக்கம் ஏறும். ஆகவே மிஸ்ஃபயர் எண்கள் மளமளவென்று ஏறுகிற அதே நேரத்தில் ஷார்ட் டேர்ம் டிரிமைப் பாருங்கள். எண் ஏற ஏற டிரிமும் பத்து, பதினைந்து சதவீதம் என்று ஏறினால் மிஸ்ஃபயர் நிஜம். மிஸ்ஃபயர் கன்னாபின்னாவென்று ஏறியும் டிரிம் பிளஸ் மைனஸ் மூன்றுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், கிராங்க் ஆடியிருக்கிறது, நெருப்பு அணையவில்லை. நூற்றில் ஒன்று இரண்டு என்ற கணக்கில் வருகிற மிஸ்ஃபயருக்கு டிரிம் பெரிதாக அசையாது. எண்கள் கூட்டமாக வரும் நேரத்தைப் பிடித்தால்தான் இந்தச் சோதனை செல்லும்.

கடைசியாக ரோடு. நண்பரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். புதிதாகத் தார் போட்ட சாலை, ஐந்தாவது கியர், 45 மைல், 1,700 ஆர்பிஎம்: ஐந்து நிமிடம் போயும் எட்டு கட்டங்களிலும் பூஜ்ஜியம், எப்போதாவது ஒன்று. திரும்பி வந்து கான்கிரீட் சாலையில் அதே கியர், அதே வேகம். இரண்டாவது "தட்"டிலேயே எண்கள் உயிர் பெற்றன. மூன்று, ஏழு, பன்னிரண்டு என்று எட்டு கட்டத்திலும் மாறி மாறி ஏறின. கிளட்சை மிதித்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரால் அதே 1,700இல் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, அதே கான்கிரீட்டில் உருளவிடச் சொன்னேன். எண்கள் நின்றுவிட்டன. சக்கரத்துக்கும் கிராங்குக்கும் தொடர்பைத் துண்டித்தால் மிஸ்ஃபயரும் நிற்கிறது என்றால் அது எஞ்சினுக்குள் பிறந்ததல்ல. லோடு இல்லாததால் நின்றிருக்கலாம் என்று ஒருவர் கேட்கலாம்; நியாயமான கேள்விதான். அதனால்தான் தார்ச் சாலையில் லோடோடு ஓட்டியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தப்பிக்க வழி இல்லை.

உங்களுக்கும் இதே முடிவு வந்தால் பரீட்சைதான் பொருந்தவில்லை. வராவிட்டால் அளவு எடுக்கும் வழியைச் சோதியுங்கள். கிட் காரில் அதற்கு இன்னொரு பெயர் எர்த்.

கம்பெனிக் காரில் பாடியே இரும்பு, எங்கே போல்ட் போட்டாலும் எர்த். உங்கள் பாடி ஃபைபர் கிளாஸ். சேஸி இரும்புதான், ஆனால் மேலே பவுடர் கோட்டிங். அது பெயின்ட் மாதிரி இல்லை, கனமான பிளாஸ்டிக் சட்டை மாதிரி. அதன் மேல் ரிங் டெர்மினலை வைத்து முறுக்கினால் போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரன்ட் போகும், மீட்டரில் எல்லாம் சரி என்று காட்டும், மனசும் ஆறிவிடும். நான் செய்த தப்பு அதுதான். போதாததற்கு ஈசியூவின் எர்த் வயரை எஞ்சின் ஹெட்டில் கட்டாமல், நீளம் போதவில்லை என்று சேஸியில் கட்டிவிட்டேன். ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கும்போதெல்லாம் பி0336, கிராங்க் சென்சார் சிக்னல் சரியில்லை என்று வரும். சென்சாரை இரண்டு முறை மாற்றினேன். அந்த வகை எல்எஸ்ஸில் சென்சார் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்டார்ட்டரை இறக்காமல் கை போகாது. இரண்டு சனிக்கிழமை அதற்கே போயின.

கண்டுபிடித்தது பதினைந்து டாலர் மல்டிமீட்டரில். ஓம் கணக்கில் பார்க்கக் கூடாது, அறுந்து ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரும் ஓமில் நல்லபிள்ளையாகத்தான் இருக்கும். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை எஞ்சின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைக்க வேண்டும். டெர்மினல் கிளிப்பில் வைக்கக் கூடாது, ஈய முனையிலேயே வைக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு விசிறி, ஹெட்லைட், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் போடுங்கள். எனக்கு விசிறி ஓடாதபோது 0.08 வோல்ட், ஓடத் தொடங்கியதும் 0.46. அதே மாதிரி சேஸிக்கும் பேட்டரிக்கும் நடுவில், ஈசியூ எர்த்துக்கும் பேட்டரிக்கும் நடுவில் என்று அளந்துகொண்டே போனால் திருடன் எந்த இணைப்பில் இருக்கிறான் என்று தெரிந்துவிடும். பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி வெள்ளி மாதிரி இரும்பு தெரியும்வரை தேய்த்து, எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு நேராகத் தடித்த கேபிள் ஒன்று போட்டு, ஈசியூ எர்த்தை ஹெட்டுக்கு மாற்றியதும் 0.03க்கு வந்தது. அதன்பிறகு பி0336 வரவே இல்லை. கிராங்க் சென்சார் வயர் எந்த வழியாகப் போகிறது என்றும் பாருங்கள். ஹார்னஸை (வயர்க் கட்டை) நீட்டும்போது முறுக்கைப் பிரித்துவிட்டு பிளக் வயரோடும் ஆல்டர்னேட்டர் கேபிளோடும் சேர்த்துக் கட்டியிருந்தால் அதற்கும் வாய்ப்பு உண்டு.

இப்போது நான் ஏமாந்த கதை. நண்பர் வண்டியில் பொய்க் கோட்டைக் கண்டுபிடித்த பெருமையில் இருந்தேன். அடுத்த கோடையில் என் வண்டியிலேயே பி0300 வந்தது. "ஆ, கான்கிரீட் ரோடு" என்று சொல்லி அழித்துவிட்டேன். ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பார்க்கவில்லை, மோடு 06ஐத் திறக்கவில்லை. மறுபடி வந்தது, மறுபடி அழித்தேன். ஒருநாள் மேட்டில் மிதித்தபோது விளக்கு மின்னத் தொடங்கியது. பானெட்டைத் திறந்தால் கருகிய ரப்பர் நாற்றம். ஏழாவது சிலிண்டரின் பிளக் வயர் தொப்பி எக்ஸாஸ்ட் குழாயைத் தொட்டுக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்க வெந்து வெடித்திருந்தது. இடது பக்கம் கடைசி சிலிண்டர் அது. அங்கேதான் ஸ்டீயரிங் ஷாஃப்டும் போகிறது, கால் வைக்கும் பெட்டியும் இருக்கிறது, காற்று என்பதே கிடையாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒன்றும் தெரியாது. நன்றாகச் சூடேறி, மிதித்தால் மட்டும் ஸ்பார்க் குழாய்க்குத் தாவிவிடும். எண்களைப் பார்த்திருந்தால் ஏழாவது கட்டம் மட்டும் தனியாக உயர்ந்து நின்றிருக்கும். நீங்கள் எட்டு வயரையும் புதிதாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் புது வயரும் அதே குழாயைத் தொட்டால் அதே கதிதான். வயர் மாற்றினேன் என்பது சோதனை ஆகாது.

பி0300 தவிர கிட் காரில் அடிக்கடி வரும் மற்ற சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பீர்கள். பி0420 என்றால் பின் ஆக்சிஜன் சென்சார் பார்ப்பதும் முன் சென்சார் பார்ப்பதும் ஒன்றுபோல் இருக்கிறது, கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். கன்வெர்ட்டரை எஞ்சினிலிருந்து தள்ளி, பக்கவாட்டுக் குழாயில் காற்றில் வைத்தால் அது போதிய அளவு சூடாகவே சூடாகாது. இது பொய்க் கோடு அல்ல, கன்வெர்ட்டர் உண்மையாகவே வேலை செய்யவில்லை. பி0128, கூலன்ட் வேண்டிய நேரத்தில் சூடாகவில்லை என்பது. எவ்வளவு காற்று உள்ளே போனது, வெளியே என்ன குளிர் என்று வைத்து ஈசியூ ஒரு சூட்டை எதிர்பார்க்கிறது. கிட் காரில் ரேடியேட்டர் தாராளம், குழாய்கள் நீளம், எஞ்சினுக்கு வேலையோ குறைவு. அதனால் பொய்யாகவும் வரும். ஆனால் தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கியிருந்தாலும் இதேதான் வரும். எஞ்சின் சூடாவதற்கு முன்பே ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் கையில் சுடத் தொடங்கினால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். பி0500, வண்டி வேகம் தெரியவில்லை. ஸ்பீடோமீட்டரை ஜிபிஎஸ்ஸில் ஓட்டுகிறவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. டிராஃபிக் சிக்னலை நெருங்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது என்று வந்து நிற்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான், ஏனென்றால் வண்டி உருள்கிறதா நிற்கிறதா என்று தெரிந்தால்தான் ஈசியூ ஐடிலைச் சரியாகப் பிடிக்கும்.

ரீடர் செய்யும் குழப்பம் வேறு. பி0 என்று தொடங்கும் கோடுகளில் பெரும்பாலானவை எல்லாக் கம்பெனிக்கும் பொது. பி1 என்று தொடங்குபவை அந்தந்தக் கம்பெனியின் சொந்தச் சரக்கு. உங்கள் வண்டி பார்க்கக் கோப்ரா. ஆப்பில் ஃபோர்டு என்று தேர்ந்தெடுத்துவிட்டால் ஜிஎம் கோடுக்கு ஃபோர்டு அர்த்தம் காட்டும். இதே ஆபத்து எதிர்ப்பக்கமும் உண்டு: ஃபோர்டு எஞ்சின் போட்டவர்கள் பி1000 என்று பார்த்துவிட்டுப் பதறுவார்கள், அது "இன்னும் என் சோதனைகள் முடியவில்லை" என்பதுதான், பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே வரும். கரோல் ஷெல்பி 1962இல் ஏசி கம்பெனியின் சிறிய காரில் ஃபோர்டு வி8ஐ ஏற்றித்தான் கோப்ராவை உண்டாக்கினார். அதற்குள் ஷெவ்ரலே எஞ்சினை வைத்திருக்கிறீர்கள். கார் கண்காட்சியில் நாலு பேர் முறைப்பார்கள், ஆப்பும் குழம்பத்தான் செய்யும்.

எல்லாம் பார்த்து பொய் என்று உறுதியான பிறகு என்ன செய்வது? உடனே ஈசியூவின் கணக்குகளை மாற்றும் ட்யூனிங் சாஃப்ட்வேரில் கோடை அணைக்க ஓடாதீர்கள். அதற்கு முன் ஒரு எளிய வேலை இருக்கிறது. கிராங்க் பல் சக்கரத்தின் சின்னச் சின்னப் பிசகுகளை ஈசியூ ஒரு முறை படித்து மனதில் வைத்துக்கொள்ளும். கிராங்க் சென்சாரையோ, கிராங்கின் முன்பக்கத்தில் அதிர்வைத் தணிக்கும் டாம்பரையோ, ஈசியூவையோ மாற்றினால் அதைத் திரும்பப் படிக்கவைக்க வேண்டும். கிட்டுக்குப் பொருந்தும் புல்லி வேண்டும் என்று பலர் டாம்பரை மாற்றுவார்கள், படிக்கவைக்க மறந்துவிடுவார்கள். ஜிஎம் ஸ்கேனரில் கிராங்க் வேரியேஷன் லேர்ன் என்று இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், கியர் நியூட்ரல், சக்கரத்துக்குக் கட்டை, கால் பிரேக்கில். ஸ்கேனர் சொன்னதும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, ஈசியூவே பெட்ரோலை வெட்டும் கணத்தில் சட்டென்று விட வேண்டும். முதல் தடவை பயமாகத்தான் இருக்கும். ஃபோர்டில் இந்தக் கூத்து இல்லை. 60 மைலிலிருந்து 40 வரை பிரேக் தொடாமல், ஆக்ஸிலரேட்டரையும் விட்டுவிட்டு, மூன்று நாலு முறை உருளவிட்டால் தானே படித்துக்கொள்ளும். நண்பர் வண்டியில் படிக்கவைத்ததும் தார்ச் சாலையில் எப்போதாவது வந்த ஒன்றிரண்டும் நின்றன. இரும்பு மவுண்டை எடுத்து ரப்பர் போட்டதும் கான்கிரீட்டில் எண்கள் பாதிக்கும் கீழே இறங்கின. முழுசாக நிற்கவில்லை.

மிச்சத்துக்குத்தான் ட்யூனிங். எச்பி டியூனர்ஸ் போன்ற சாஃப்ட்வேரில் இரண்டு வழி உண்டு. ஒன்று, மிஸ்ஃபயர் எல்லையைக் குறைந்த லோடு, குறைந்த ஆர்பிஎம் கட்டங்களில் மட்டும் கொஞ்சம் தளர்த்துவது. இன்னொன்று, கோடையே அணைத்துவிடுவது. நான் முதலாவதைத்தான் செய்வேன். அதிக லோடு கட்டங்களைத் தொடாமல் விட்டால், என் ஏழாவது சிலிண்டர் மாதிரி நிஜமாக ஒன்று நடந்தால் விளக்கு எரியும். சட்டமும் இருக்கிறது: அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சோதனைகளை அணைப்பது மத்திய சட்டத்தின் கண்ணில் தப்பு. மிச்சிகனில் புகைச் சோதனையே கிடையாது. கலிஃபோர்னியாவிலோ வீட்டில் கட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டும் தனிச் சலுகை, அதற்கு வெளியே போனால் கதையே வேறு. உங்கள் மாநிலத்தில் வண்டியை எந்த ஆண்டு வண்டியாகப் பதிந்திருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

அடுத்த முறை விளக்கு எரியும்போது அழிக்காமல் மூன்று விஷயம் எழுதி அனுப்புங்கள்: ஃப்ரீஸ் ஃப்ரேமின் ஆர்பிஎம்மும் லோடும், மோடு 06இல் எட்டு சிலிண்டரின் எண்களும், ஃப்ளைவீல், டாம்பர், மவுண்ட் மூன்றிலும் என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதும். ஏழாவது மட்டும் தனியாக உயர்ந்திருந்தால் எனக்கு எழுதுவதற்கு முன் அந்தத் தொப்பியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.